ஒரே துப்பாக்கி, வேறு பிடி: கலிபோர்னியாவின் ‘ஃபீச்சர்லெஸ்’ ரைஃபிள்கள் எப்படிப் பிறந்தன?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: கலிபோர்னியாவில் ஏஆர்-15 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கு (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்பவை) தடை இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் அங்குள்ள கடைகளில் அதே துப்பாக்கி, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் மீன் துடுப்பைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டோடு வெளிப்படையாகவே விற்கப்படுகிறது. இது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதா, சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதா?

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதுதான் என்பது என் பதில். அந்தத் துடுப்பு, கடைக்காரர் கண்டுபிடித்த தந்திரமாகத் தோன்றலாம். உண்மையில் அதன் வடிவத்தை வரைந்தது சட்டத்தின் வாசகமே. கலிபோர்னியா எந்தக் காலத்திலும் ‘இந்த இயங்குமுறை கொண்ட துப்பாக்கி கூடாது’ என்று சொன்னதில்லை. முதலில் சில பெயர்களைத் தடை செய்தது. பிறகு சில உறுப்புகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைத் தடை செய்தது. அந்தச் சேர்க்கை கலைந்துவிட்டால் தடையும் விலகிவிடும். கடையில் காணப்படும் விநோத உருவங்கள் எல்லாம் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சட்டம் எழுதியவர்களும் துப்பாக்கி செய்பவர்களும் மாறி மாறி வைத்த காய்களின் தடயங்கள்.

ஆரம்பம் 1989 ஜனவரி 17. ஸ்டாக்டன் நகரத்தின் கிளீவ்லாந்து தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஒருவன், சீனாவில் செய்யப்பட்ட ஏகே வகை அரைத்தானியங்கித் துப்பாக்கியால் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்குத் தப்பி வந்த அகதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு மே மாதத்தில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் கையெழுத்திட, ராபர்ட்டி-ரூஸ் சட்டம் பிறந்தது. ‘தாக்குதல் ஆயுதம்’ என்ற பிரிவை உருவாக்கி அதைத் தடை செய்த முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியாதான்.

அந்தச் சட்டம் பெயர்ப் பட்டியலை நம்பியது. கோல்ட் ஏஆர்-15, உஸி (Uzi), டெக்-9 என்று தயாரிப்பாளர் பெயரும் மாதிரிப் பெயரும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. பெயரைத் தடை செய்தால் பெயரை மாற்றிக்கொள்வார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. டெக்-9 கைத்துப்பாக்கியைச் செய்த நிறுவனம், ஏறக்குறைய அதே பொருளை டெக்-டிசி9 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘டிசி’ என்ற இரண்டு எழுத்துகள் ‘கலிபோர்னியாவுக்காக வடிவமைக்கப்பட்டது’ என்பதன் சுருக்கம் என்பது பின்னாளில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1993-இல் சான் பிரான்சிஸ்கோவின் 101 கலிபோர்னியா தெருக் கட்டடத்தில் எட்டுப் பேரைக் கொன்றவன் கையில் இருந்தவற்றுள் அந்தத் துப்பாக்கியும் உண்டு. அது ரைஃபிள் அல்ல என்றாலும், பின்னால் ரைஃபிள்களுக்கு நடந்தது முழுவதற்கும் அதுவே முன்னோட்டம்.

மத்திய அரசின் அனுபவமும் வேறாக இல்லை. 1989-இல் மூத்த புஷ் நிர்வாகம், ‘விளையாட்டுப் பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல’ என்ற காரணத்தைக் காட்டி, ராணுவச் சாயல் கொண்ட அரைத்தானியங்கி ரைஃபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. உடனே சீனத் தயாரிப்பாளர்கள் தனிக் கைப்பிடியை எடுத்துவிட்டு, கட்டைவிரல் நுழையும்படி துளையிட்ட மரக்கட்டையைப் பொருத்தி, மாக்-90 என்ற பெயரில் அதே ஏகே வகைத் துப்பாக்கியை அனுப்பத் தொடங்கினார்கள். 1994 செப்டம்பர் 13 முதல் பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த மத்தியத் தடைச் சட்டம், கழற்றக்கூடிய மேகசினோடு, அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியோடு, குறிப்பிட்ட உறுப்புகளில் இரண்டு சேர்ந்திருந்தால் தடை என்றது. கைப்பிடியை ஒன்றாக வைத்துக்கொண்டு, துப்பாக்கிக் கத்தி மாட்டும் கொக்கியையும் குழல் முனையில் இருக்கும் தீச்சுடர் அடக்கியையும் நீக்கிவிட்டால் போதும். துப்பாக்கிக் கத்தியால் அமெரிக்காவில் யாராவது குத்தப்பட்டார்களா என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் கேலியாகக் கேட்டதற்கு அன்றைய சட்ட ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் கலிபோர்னியா 1999-இல் எஸ்பி 23 என்ற சட்டத்தை இயற்றியது; 2000 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு உறுப்புகள் அல்ல, ஒன்றே போதும் என்பது அதன் கடுமை. சென்டர்ஃபயர் தோட்டாவைச் சுடும் அரைத்தானியங்கி ரைஃபிளில் மேகசினைக் கழற்ற முடியுமானால், அதில் இயங்குபகுதிக்குக் கீழே துருத்தி நிற்கும் பிஸ்டல் கைப்பிடி, கட்டைவிரல் துளையுள்ள பின்கட்டை (தோளில் ஊன்றும் பகுதி), மடக்கவோ நீட்டிக் குறுக்கவோ கூடிய பின்கட்டை, தீச்சுடர் அடக்கி, முன்புறக் கைப்பிடி, எறிகுண்டு அல்லது ஒளிக்குண்டு ஏவி ஆகியவற்றுள் எதுவும் இருக்கக் கூடாது. இவை தவிர, பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் நிலையான மேகசின் இருந்தாலும், மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அது தடைக்குள் வரும். தோட்டாவின் அடித்தட்டு நடுவில் சுத்தி விழுந்து வெடிப்பது சென்டர்ஃபயர். விளிம்பில் விழுந்து வெடிக்கும் சிறிய .22 தோட்டாவைச் சுடும் ரைஃபிள்கள் இந்த உறுப்புக் கணக்குக்கு அப்பாற்பட்டவை. அதனால்தான் கலிபோர்னியக் கடையில் .22 அளவில் செய்த ஏஆர் உருவப் பிரதி எல்லா அலங்காரங்களோடும் தொங்குவதையும், பக்கத்திலேயே பெரிய தோட்டாவைச் சுடும் அதன் அண்ணன் துடுப்போடு நிற்பதையும் சேர்ந்தாற்போல் பார்க்க முடிகிறது.

பழைய பெயர்ப் பட்டியலும் உயிரோடுதான் இருந்தது. 2000-இல் காஸ்லர் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் பட்டியல் முறையை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே ஹாராட் வழக்கில், ஒரு துப்பாக்கி ஏஆர்-15 குடும்பத்தைச் சேர்ந்தது என்று தோன்றினால் மட்டும் போதாது, மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் பட்டியலில் அதன் பெயர் திட்டவட்டமாக இடம்பெற்றிருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் முழுப் பொருளும் துப்பாக்கி வட்டாரங்களுக்கு உறைத்தது 2005-இன் இறுதியில்தான். பட்டியலில் இல்லாத ஒரு சிறிய நிறுவனம் செய்யும் அடிப்பகுதி தடைக்கு உட்பட்டதல்ல. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஏஆர் வகையில் துப்பாக்கி என்று கணக்கிடப்படுவதே வரிசை எண் பொறித்த அந்த அடிப்பகுதிதான். குழல் உட்பட மற்றவையெல்லாம் வெறும் உதிரிப் பாகங்கள். அதுமுதல் பட்டியலில் இல்லாத அடிப்பகுதிகள் கலிபோர்னியாவுக்குள் வெள்ளம்போல் வந்தன. பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டே போவது வீண் ஓட்டம் என்பதை உணர்ந்த சட்டமன்றம், பெயர் சேர்க்கும் அந்த வழிமுறையையே 2006-இல் முடித்து வைத்தது. மீதம் இருந்தது உறுப்புக் கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்கின் முதல் சொல் ‘கழற்றக்கூடிய மேகசின்’. மேகசின் கழலாது என்றால் மற்ற எந்த உறுப்பு இருந்தாலும் கவலையில்லை. சரி, கழற்றக்கூடியது என்றால் என்ன? துப்பாக்கியின் இயங்குபகுதியைப் பிரிக்காமலும் கருவி எதையும் பயன்படுத்தாமலும் எளிதில் எடுக்க முடிவதே கழற்றக்கூடியது என்று மாநில அரசின் நீதி நிர்வாகத் துறை வகுத்த விதி சொன்னது. அதோடு நிற்காமல், தோட்டாவும் ஒரு கருவியாகவே கருதப்படும் என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டது. இந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் ‘புல்லட் பட்டன்’ என்ற முழு வணிகமும் எழுந்தது. சாதாரண ஏஆர்-15-இல் மேகசினை விடுவிக்கும் பொத்தானை விரலால் அழுத்தலாம். புல்லட் பட்டனில் அந்தப் பொத்தான் ஒரு சிறு வளையத்துக்குள் புதைந்திருக்கும். விரல் நுனி எட்டாது, தோட்டாவின் கூர்முனை எட்டும். கருவி தேவைப்படுவதால் மேகசின் கழலாததாகிவிட்டது. மேகசின் கழலாததால் கைப்பிடியும் நீட்டும் கட்டையும் தீச்சுடர் அடக்கியும் திரும்பி வந்துவிட்டன. ஏறத்தாழ பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் விற்ற ஏஆர்-15-களின் தோற்றம் நெவாடாவிலோ டெக்சாஸிலோ விற்றவற்றின் தோற்றமேதான். வேறுபாடு ஒரு பட்டாணி அளவுப் பாகத்தில் இருந்தது.

இதை ஓட்டை என்றவர்கள் உண்டு. ஆனால் விதியை எழுதியது அரசு; தோட்டாவைக் கருவி என்று எழுத்தில் சொன்னதும் அரசு. குடிமக்கள் அதைப் படித்து அதன்படி நடந்தார்கள். குற்றவியல் சட்டம் என்பது, எது குற்றம் என்பதைச் சாதாரண மனிதன் முன்கூட்டியே அறிந்துகொள்ளும்படி எழுதப்பட வேண்டியது; எழுதியவரின் மனத்தில் இருந்த நோக்கத்தை ஊகித்து அதன்படி நடக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் துப்பாக்கிக்காரர்களின் பக்கமே நிற்கிறேன். நோக்கம் நிறைவேறியதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2015 டிசம்பர் 2-இல் சான் பெர்னார்டினோவில் ஒரு தம்பதி 14 பேரைக் கொன்றபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. அவர்கள் பயன்படுத்திய இரண்டு ரைஃபிள்களும் முதலில் கலிபோர்னியக் கடையில் முறைப்படி விற்கப்பட்டு, பிறகு சட்டவிரோதமாகக் கைமாறி, சட்டவிரோதமாக மாற்றப்பட்டவை என்று புலனாய்வில் தெரியவந்தது. அதாவது, சட்டத்துக்கு இசைவாக்கிய மாற்றம் மீண்டும் மாற்றப்பட்டிருந்தது. இங்கே எதிர்த் தரப்பின் வாதத்துக்கும் வலு இருக்கிறது: ஒரு சிறு பாகத்தால் சட்டபூர்வமாகும் பொருள், அதே சிறு பாகம் போனால் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. 2016 ஜூலை 1-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட எஸ்பி 880, ஏபி 1135 என்ற இரு சட்டங்களும் ‘கழற்றக்கூடியது’ என்ற சொல்லைச் சுற்றி வளைப்பதை விட்டுவிட்டு, ‘நிலையான மேகசின்’ என்பதற்கு வரையறை எழுதின: துப்பாக்கியின் இயங்குபகுதியைப் பிரித்தாலன்றி எடுக்க முடியாதபடி இருப்பதே நிலையானது. கருவி என்ற சொல் காணாமல் போனது. புல்லட் பட்டனும் அதோடு போனது.

2017 ஜனவரி 1-க்கு முன்பே அத்தகைய ரைஃபிளை வைத்திருந்தவர்களுக்கு மூன்று வழிகள் திறந்திருந்தன. ஒன்று, ‘தாக்குதல் ஆயுதம்’ என்று மாநிலத்திடம் பதிவு செய்துகொள்வது. காலக்கெடு பிறகு 2018 ஜூன் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. கடைசி நாட்களில் இணையப் பதிவுத் தளம் முடங்கியதாகப் பலர் நீதிமன்றம் போனார்கள். அப்படிப் பதிவான துப்பாக்கியை மாநிலத்துக்குள் இன்னொரு தனிமனிதருக்கு விற்க முடியாது. உரிமையாளர் இறந்தால் வாரிசுகூட அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, மேகசினை உண்மையிலேயே நிலையாக்குவது. இந்த வகையில் துப்பாக்கியின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பூட்டும் ஊசியை விலக்கி, கீலில் கதவு திறப்பதுபோல் இரண்டையும் பிரித்தால்தான் மேகசின் அசையும். கைப்பிடி, நீட்டும் கட்டை எல்லாம் இருக்கலாம், ஆனால் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கூடாது. துப்பாக்கியின் தோற்றத்தை விட மனமில்லாதவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது வழியைத்தான் நீங்கள் கடையில் பார்த்திருக்கிறீர்கள்: மேகசினைச் சாதாரணமாகக் கழலவிட்டு, பட்டியலில் உள்ள உறுப்புகள் அனைத்தையும் நீக்கிவிடுவது. அங்குள்ளவர்கள் இதை ‘ஃபீச்சர்லெஸ்’ என்கிறார்கள். அம்சங்கள் அற்றது என்று பொருள்.

இந்த மூன்றாவது வழி ஏஆர்-15-க்கு மட்டும் ஏன் இவ்வளவு கோணலாக அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதன் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். பழைய பாணி வேட்டைத் துப்பாக்கியில் மரக்கட்டை விசைக்குப் பின்னால் சற்றே கீழ்நோக்கிச் சரிந்து தோளை அடையும். அந்தச் சரிவின் மெலிந்த கழுத்தைத்தான் கை பற்றுகிறது. 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியில் சரிவே கிடையாது. சுடும்போது பின்னுக்கு ஓடிவரும் பாகத்தை ஏந்தும் சுருள்வில், குழலுக்கு நேர்கோட்டில் பின்கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாயில் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வு நேராகத் தோளுக்குப் போவதால் குழலின் முனை மேலே எகிறுவது குறையும். ஆனால் கை பற்றுவதற்குக் கழுத்து இல்லை. ஆகவே கீழே தனியாக ஒரு கைப்பிடி தொங்க வேண்டியிருக்கிறது. அது அலங்காரமல்ல, வடிவமைப்பின் கட்டாயம். ஏஆர் என்ற இரண்டெழுத்தை ‘அசால்ட் ரைஃபிள்’ என்று விரிப்பவர்கள் இன்றும் நிறைய. அது ஆர்மலைட்டின் பெயரிலிருந்து வந்தது.

கலிபோர்னிய விதி இந்தக் கைப்பிடியை வரையறுக்கும் விதம் படித்து ரசிக்கத் தக்கது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சவ்வுப் பகுதி, சுடும் நிலையில், விசையின் வெளியே தெரியும் பாகத்தின் மேல் விளிம்புக்குக் கீழே அமையும்படி பிடிக்க முடியுமானால், அது பிஸ்டல் பிடி. ஆகவே விசையின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கி ஒரு கிடைக்கோடு இழுத்து, கை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். உங்களுக்கு விநோதமாகத் தெரிந்த துடுப்பு, கைப்பிடியின் பின்புறத்தை அடைத்து, கட்டைவிரல் சுற்றி வளைக்காதபடி தடுத்து, கையை அந்தக் கோட்டுக்கு மேலேயே நிறுத்துகிறது. வேறு சிலர் கைப்பிடியே இல்லாமல், பழைய வேட்டைத் துப்பாக்கியின் கழுத்தைப் போலச் சரியும் ஒற்றைக் கட்டையைப் பொருத்திக்கொள்கிறார்கள். பின்கட்டை ஒரே நீளத்தில் அசையாதபடி நிலைநிறுத்தப்படும். குழல் முனையில் தீச்சுடர் அடக்கிக்குப் பதிலாக, வாயுவைப் பக்கவாட்டில் வெளியேற்றி அதிர்வைக் குறைக்கும் ‘மஸ்ஸில் பிரேக்’ வரும். பக்கத்தில் நிற்பவரின் காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போன பொருள் அது; சுடுபவருக்கோ அடக்கியைவிட அதிகமாகவே உதவுகிறது. சட்டம் பயனைக் கூட்டும் ஒன்றை அனுமதித்து, பயன் குறைந்த ஒன்றைத் தடுத்திருக்கிறது.

முரணின் உச்சம் ரூகர் நிறுவனத்தின் மினி-14. ஏஆர்-15 சுடும் அதே .223 தோட்டாவைச் சுடுவது, அதைப் போலவே அரைத்தானியங்கி, மேகசின் கழலக்கூடியது. ஆனால் தாத்தா காலத்து மரக்கட்டையோடு வருவதால் பட்டியலிலுள்ள உறுப்பு எதுவும் அதில் இல்லை. எந்த மாற்றமும் இல்லாமல் கலிபோர்னியாவில் அதை விற்கலாம். அதே மினி-14-க்கு மடக்கும் பின்கட்டை பொருத்தினால் அன்றே அது தாக்குதல் ஆயுதமாகிவிடும். தோட்டாவின் வேகமோ எடையோ காயத்தின் ஆழமோ இதில் எங்கும் கணக்கில் வரவில்லை. கை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பிடியை வைத்துக் கோடு போட்டதற்கு நியாயமே இல்லையா என்றால், ஒரு நியாயம் சொல்லப்பட்டதுண்டு. இடுப்பருகே வைத்தபடி ஒருவர் துப்பாக்கியைச் சுழற்றிச் சுடுவதற்குத் தொங்கும் கைப்பிடி வசதி; மடக்கும் கட்டை உடைக்குள் ஒளிக்க வசதி; தீச்சுடர் அடக்கி இருட்டில் சுடுபவரின் கண் கூசாமல் காக்கும். இவற்றில் ஒளிப்பது பற்றிய வாதம் ஏற்கத்தக்கது. அதற்கு 30 அங்குல நீள வரம்பே போதுமான பதில். மற்றவை, பள்ளியிலோ அலுவலகத்திலோ நடந்த கொலைகளின் போக்கோடு சரியாகப் பொருந்தவில்லை. அங்கெல்லாம் உயிர்களை எடுத்தது, நிறுத்தாமல் சுட முடிந்த தோட்டாக்களின் எண்ணிக்கை. ஆகவே கலிபோர்னியச் சட்டத்தில் உண்மையான கனம் பத்துத் தோட்டா வரம்பில் இருக்கிறதே தவிரக் கைப்பிடியில் இல்லை என்பது என் கருத்து. வேடிக்கை என்னவென்றால், அரசியல் மேடையில் இரு தரப்பும் சண்டையிடுவது பெரும்பாலும் கைப்பிடியைக் காட்டித்தான். படத்தில் தெரிவது அதுதானே.

அந்த வரம்பும் தோற்றத்தில் ஏமாற்றக்கூடியது. 30 தோட்டா கொள்ளும் நீளமான மேகசினுக்குள் நிரந்தரமாக ஓர் அடைப்பை வைத்து, பத்துக்கு மேல் ஏறாதபடி செய்து விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 30, உள்ளே பத்து. 2000-க்கு முன் வாங்கிய பெரிய மேகசின்களை வைத்திருக்கும் உரிமையையும் 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 63-ஆம் முன்மொழிவு பறிக்க முயன்றது. 2019 மார்ச் 29-இல் சான் டியாகோவின் மத்திய மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஏப்ரல் 5 மாலை தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படும்வரை ஒரு வாரம் கலிபோர்னியர்கள் நாடெங்கிலுமிருந்து பெரிய மேகசின்களை வாங்கிக் குவித்தார்கள். அந்த வாரத்துக்கு ‘சுதந்திர வாரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கலிபோர்னியாவையும் உள்ளடக்கிய ஒன்பதாவது வட்டார (சர்க்யூட்) மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு 2025 மார்ச்சில் தடை செல்லும் என்று தீர்ப்புரைத்தது.

தாக்குதல் ஆயுதத் தடையையும் அதே நீதிபதி இருமுறை செல்லாது என்றார். 2021 ஜூனில் வெளியான முதல் தீர்ப்பு ஏஆர்-15-ஐ சுவிஸ் ராணுவக் கத்தியோடு ஒப்பிட்டுத் தொடங்கியதால் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், துப்பாக்கிச் சட்டங்களை நாட்டின் வரலாற்று மரபோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும் என்று புதிய அளவுகோலை வைத்த பிறகு, 2023 அக்டோபரில் அவர் மீண்டும் அதே முடிவுக்கு வந்தார். இரண்டு முறையும் மேல்நிலை நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்ததால் துடுப்புகளின் வணிகம் தடையின்றி நடந்தது.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் வாசகத்துக்கு ஏற்ப உருவம் மாறுவது இன்னும் தெளிவாகும். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆன சூட்டிலேயே, 2013 ஜனவரி 15-இல் நியூயார்க் ‘சேஃப்’ சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் ஒற்றை உறுப்புக் கணக்குதான். ஆனால் அங்கே துப்பாக்கிக் கத்தி மாட்டும் கொக்கியும், மரையிட்ட குழல் முனையும் பட்டியலில் உண்டு. அவசரத்தில் எழுதப்பட்ட அச்சட்டத்தில் ‘பிரேக்’ என்ற சொல்லுக்கு, தடுப்பதைக் குறிக்கும் எழுத்துக்கூட்டலுக்குப் பதிலாக உடைப்பதைக் குறிக்கும் எழுத்துக்கூட்டல் விழுந்துவிட்டது. அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை என்பதால் அந்தச் சொல்லைத் தெளிவின்மை காரணமாக மத்திய நீதிபதி நீக்கினார். மேகசினில் ஏழு தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற விதியும் அதே தீர்ப்பில் போனது.

மேரிலாந்தில் கதை வேறு. அங்கே தடைப் பட்டியலில் ஏஆர்-15-உம் அதன் பிரதிகளும் இருந்தாலும், கனமான குழல் கொண்ட கோல்ட் ‘எச்-பார்’ மாதிரிக்கு அதே வரியில் விலக்கு தரப்பட்டிருக்கிறது. ஆகவே நியூயார்க்கர் கைப்பிடியை மாற்றுகிறார், மேரிலாந்துக்காரர் தடிமனான குழலைத் தேடுகிறார். இந்த மாநிலத்தின் தடையை எதிர்த்த மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது.

உறுப்புக் கணக்கின் தோல்வியை நேருக்கு நேர் ஒப்புக்கொண்டு வேறு திசையில் நகர்ந்தது மாசசூசெட்ஸ். 2016 ஜூலையில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் மாரா ஹீலி, சட்டத்தில் ஏற்கெனவே இருந்த ‘பிரதிகள்’ என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தார்: உள்ளே இயங்கும் முறை தடைப் பட்டியலிலுள்ள துப்பாக்கியின் முறையேயானாலும், அதன் முக்கியப் பாகங்கள் இதில் பொருந்தினாலும், வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் அது பிரதிதான். கைப்பிடியை வெட்டினாலும் கொக்கியை நீக்கினாலும் பயனில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். என் பார்வையில், தடை சரியா தவறா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தான் எதைத் தடுக்க விரும்புகிறோம் என்பதை நேராகச் சொன்னது இந்த அணுகுமுறைதான். கலிபோர்னியா இன்னும் அதைச் சொல்லவில்லை.

மாநிலச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் எல்லைக் கோட்டில் முடிந்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2019 ஜூலையில் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் மூவரைக் கொன்றவன் பயன்படுத்திய ஏகே வகை ரைஃபிள் அண்டை மாநிலமான நெவாடாவில் வாங்கப்பட்டது. கலிபோர்னியாவில் அதை வாங்கியிருக்கவே முடியாது. கூடவே, ரைஃபிள்களைப் பற்றிய விவாதம் மொத்தத் துப்பாக்கிச் சாவுகளின் ஒரு சிறு மூலையைப் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்: எஃப்பிஐ கணக்கின்படி 2019-இல் கொல்லப்பட்ட 13,927 பேரில் எல்லா வகை ரைஃபிள்களாலும் இறந்ததாகப் பதிவானவர்கள் 364 பேர், கைத்துப்பாக்கிகளால் 6,368 பேர். பல கொலைகளில் ஆயுத வகையே பதிவாவதில்லை என்பதால் உண்மை எண் சற்றுக் கூடும். விகிதம் பெரிதாக மாறாது.

கேள்வியில் நடைமுறை நோக்கமும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டு செய்திகள். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வாங்குவதோ வைத்திருப்பதோ மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்பதே நல்லது. கடையிலுள்ள துப்பாக்கி கலிபோர்னியாவுக்கு இசைவானது என்பது, அதைப் பார்ப்பவர் வைத்திருக்கத் தகுதியானவர் என்பதைக் காட்டாது.

இரண்டாவது, இசைவு என்பது துப்பாக்கியோடு பயணம் செய்வதில்லை. கலிபோர்னியாவில் துடுப்பும் அசையாத கட்டையும் குழல் முனையில் மரையில் திருகிய மஸ்ஸில் பிரேக்குமாக முழுக்க முழுக்கச் சட்டபூர்வமாக இருக்கும் ஒரு ரைஃபிளை, வேலை மாற்றலின்போது அப்படியே நியூயார்க்குக்குக் கொண்டு போனால், பிரேக்கைக் கழற்றி எறிந்தாலும் அந்த மரை ஒன்றே போதும். அது அங்கே தாக்குதல் ஆயுதம்.